வட்டை மறந்த கர்னல்

இந்நிகழ்வுக்கு முன், ஏற்காட்டில் கணினி பற்றி ஐயம் எழுந்தால் என்னிடம் கேட்பதே வழக்கம். முப்பது ஆண்டுகள் கல்லூரியில் கணிதம் கற்பித்தவன் என்ற மதிப்பு எனக்கு இருந்தது. ஆகவே, லினக்ஸ் இயக்குதளத்தை ஆயத்தமாக இறக்கிக்கொள்ளாமல், மூல நிரல்களிலிருந்து நானே கட்டி நிறுவப்போவதாக ஒண்டிக்கடைச் சந்திப்பில் பலர் முன்னிலையில் அறிவித்தேன்.

அங்கிருந்த கணினிக் கடைக்காரர் சிரித்தார். "ஏனுங்க சார், சேலம் போகோணும்னா பஸ் ஏறுவீங்களா, இரும்ப உருக்கி பஸ் செய்வீங்களா?"

"செஞ்சு, உங்களையும் ஏத்திட்டுப் போறேன்."

"ஆகட்டுங்க. நடுவழில நின்னா தள்ளறதுக்கு வாரனுங்க."

மூன்று நாள்கள் கணினி அந்நிரல்களைத் தொகுத்தது. திரையில் ஓடிய வரிகள் முகமறியாத பல்லாயிரவர் எழுதியவை. அவை என் மேசைமீது ஓர் இயங்குபொருளாகிக்கொண்டிருந்தன. காப்பி ஆறியதையும் நான் கவனிக்கவில்லை.

ஆனால் மறுபடி இயக்கியபோது, எல்லாம் சேமிக்கப்பட்டிருந்த வட்டைக் காணவில்லை என்று அறிவித்துக் கணினி நின்றுவிட்டது. கர்னல் எனப்படும் இயக்குதளத்தின் உட்கருவை அமைக்கையில் தேவையற்றவை என்று நான் நீக்கியவற்றுள், என் வட்டை இயக்கும் பகுதியும் இருந்தது. கணினி நான் சொன்னதை அப்படியே செய்திருந்தது. எந்த மாணவரும் என் சொல்லை அவ்வளவு முழுமையாகக் கேட்டதில்லை. நாணத்தோடு அப்பகுதியைச் சேர்த்து மீண்டும் தொகுத்தேன். இம்முறை கணினி நிற்காமல் இயங்கி, பயனர் பெயரைக் கேட்கும் வரி தோன்றியபோது, என்னையறியாமல் எழுந்து நின்றேன்.

கடைக்காரர் வந்து சரிசெய்ததாக ஒண்டிக்கடையில் சொல்கிறார்கள். அவர் வரவில்லை. பிழையும் திருத்தமும் என்னுடையவை.