வாசலில் நின்ற கால்கள்

என் கணவருக்கு நடுக்குவாதம் வந்தபோது, அவருக்கு வேறொருத்தியோடு தொடுப்பு என்று நான் நினைத்தேன். சொல்ல இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்போது டத்தோ கிராமாட் என்ற பேட்டையில் வாடகை வீட்டில் இருந்தோம். பிள்ளைகள் இல்லை. அவருக்குக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுக்கும் வேலை. வாயாடி மனிதர். ஒரு சேலை வாங்க வந்தவளைச் சிரிக்க வைத்தே இரண்டு சேலையோடு அனுப்புவார்.

முதலில் போனது மூக்கு. சாயங்காலம் மல்லிகை வைத்துக்கொண்டு அருகில் போய் நிற்பேன். வாசனையே தெரியவில்லை என்பார். சாக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அப்புறம் சிரிப்பு போனது. நான் என்ன கிண்டல் செய்தாலும் முகம் அசையாது. குரலும் தணிந்து, இரண்டு தடவை கேட்டால்தான் புரியும் என்றாயிற்று. சும்மா மடியில் கிடக்கும்போது வலது கை ஆடும், விரல்கள் விளக்குத் திரி திரிப்பதுபோல் உரசிக்கொண்டே இருக்கும். செம்பை எடுக்கப் போனால் ஆட்டம் நின்றுவிடும். அதனால் அதையும் பாசாங்கு என்று முடிவு கட்டினேன். கள்ளோ என்று வாயை முகர்ந்துகூடப் பார்த்தேன். அதுவும் இல்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். வாசலில் அவர் நிற்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. தெருவெல்லாம் நடந்து வருகிறவர் நிலைப்படிக்கு வந்ததும் நின்றுவிடுவார். உள்ளே வர மனமில்லை என்றுதானே யாருக்கும் தோன்றும்?

"உள்ள வரப் பிடிக்கலைன்னா பிடிச்ச இடத்துக்கே போங்களேன்" என்று ஒருநாள் கத்தினேன். அவர் என்னையே பார்த்தார்.

மறுநாள் சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போய், எதிர்ச்சாரியில் ஒரு தூண் மறைவில் நின்றேன். அவர் கடையிலிருந்து இறங்கி அஞ்சடியில் நடந்தார். கடைகளின் முன்னால் ஓடும் அந்த நடைபாதையில் குறுக்குக் கோடு போட்ட கற்கள் பதித்திருந்தார்கள். ஒவ்வொரு கோடாகத் தாண்டி, மாப்பிள்ளை மாதிரி போனார். வெளியே மட்டும் நன்றாக நடக்க வருகிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது. நாலு கடை தள்ளிக் கற்கள் முடிந்து வெறும் சிமெண்டுத் தரை வந்தது. அங்கே நின்றார். இதுதான் அவள் வீடு என்று நிமிர்ந்து பார்த்தேன். பூட்டிக் கிடந்த அரிசிக்கடை.

அவர் கால்கள் நின்ற இடத்திலேயே படபடத்தன. பின்னால் வந்த மூட்டைக்காரன், "அண்ணே, வழி விடுங்க லா" என்று இடித்துக்கொண்டு போனான். அவர் தள்ளாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. தெருவைத் தாண்டி ஓடினேன்.

"கால் தரையோட ஒட்டிக்குது" என்றார். "கோடு இருந்தா தாண்டிடுறேன். மொட்டைத் தரையில சமயத்துல முடியல. நம்ம வாசல்லயும் இதே கதைதான். சொன்னா நீ பயந்துடுவேன்னு சொல்லல."

என் குடையை அவர் காலுக்கு முன்னால் குறுக்கே வைத்தேன். தாண்டினார். எடுத்து மறுபடி வைத்தேன். அப்படியே ரிக்‌ஷா நிற்கும் முனைவரை போனோம். பார்த்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்தது எனக்கு.

ஆஸ்பத்திரியில் இருந்த யாழ்ப்பாணத்து டாக்டர் அவர் கையை நீட்டி மடக்கிப் பார்த்தார். அது விட்டு விட்டு மடங்கியது. நடுக்குவாதம் என்றும், அடியோடு குணமாக்க மருந்து இல்லை என்றும் சொன்னார்.

"எதனால வந்துச்சு டாக்டர்? நான் ரொம்பத் திட்டிட்டேன்" என்றேன்.

"ஒருத்தருக்கும் காரணம் தெரியாது அம்மா. கள்ளுமில்லை, கண்ணூறுமில்லை, நீங்களுமில்லை."

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும், அவரை வெளியே நிறுத்திவிட்டு, வெற்றிலைப் பெட்டியிலிருந்த சுண்ணாம்பை எடுத்து வாசலுக்கு வெளியே மூன்று, உள்ளே மூன்று என்று கோடு இழுத்தேன். "இப்ப வாங்க" என்றேன். ஒவ்வொன்றாகத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. அவர் முகம் மட்டும் அப்படியே இருந்தது.

"இப்பக்கூட உங்களுக்கு ஒரு சிரிப்பு வரலையா?" என்று கேட்டுவிட்டேன்.

"சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றார் அந்தச் சின்னக் குரலில். "தினம் வாசல்ல உன்னப் பாக்குறப்பெல்லாம் சிரிக்கத்தான் செய்யிறேன். உனக்குத் தெரியலையா புள்ளே?"