தலைகீழாய் நிற்கும் கடல் மண்

எங்கள் கல்லூரியின் நிலவியல் துறை வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. அதற்குள் நெடுக்காகப் பிளந்த ஒரு பிளாஸ்டிக் குழாய், ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கிறது. உள்ளே காய்ந்து வெடித்த கடல் மண். கீழே பித்தளைப் பலகையில் பழைய துறைத்தலைவரின் பெயர். அந்த மண்ணைக் கடலிலிருந்து எடுத்து வந்தவள் நான். அவர் கப்பலின் ஏணியில்கூடக் கால் வைத்ததில்லை.

எனக்கு அவரைப் பிடிக்காது. ஓய்வு பெற்றவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்பார்கள். எழுதலாம். சித்தூர்ப் பக்கத்துக்காரர், திட்டினாலும் மரியாதை குறையாமல் திட்டுவார். அவரை வழிகாட்டியாகக் கொண்டு ஆராய்ச்சிக்குச் சேரப் போன முதல் நாள், எனக்கு ஊர் சின்னக்கானல் எஸ்டேட் என்று சொன்னதும், “ஏனுங்க அம்மிணி, தேயிலை கிள்ளுற ஊட்டுல பொறந்துபோட்டு, கடலுக்கடியில போயி என்னத்தைங்க தேடப் போறீங்க?” என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது.

நான் தேடியது கடலடியில் ஒரு வாய்க்காலை. கரையோரக் கடல்தரை ஓரிடத்தில் முடிந்து ஆழத்துக்குச் சரிகிறது. ஆறுகள் கொண்டுவந்து குவித்த மணலும் சேறும் அந்த விளிம்பில் நிலைகுலைந்தால், கலங்கல் நீர் தெளிந்த நீரைவிடக் கனமாகிச் சரிவில் பாய்ந்து இறங்கும். போகிற வழியெல்லாம் தரையை அரிக்கும். அடுத்த பாய்ச்சலும் அதே பள்ளத்தில் விழுந்து அதை ஆழமாக்கும். பொங்கி வழிந்த சேறு இருபுறமும் வரப்பாக ஏறும். இப்படி உண்டாகும் வாய்க்காலில் ஒரு காலத்தில் வரத்து குறைகிறது. வேகம் போன நீர் சுமையை இறக்கிவைக்கும்: முதலில் பருமணல், அதன்மேல் நுண்மணல், கடைசியில் சேறு. பாய்ச்சலுக்குப் பாய்ச்சல் இதே அடுக்குதான். மேலே போகப் போக மணல் மெலிந்து, முடிவில் களிமண் வாய்க்காலை மூடிவிடும். மழைக்காலத்தில் எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளின் குழாயில் வரும் செந்நீரைக் குடத்தில் பிடித்துவைத்து, “ஆட்டாத புள்ள, மண்ணு அடங்கட்டும்” என்பாள் அம்மா. குடத்தடியில் மணல், அதன்மேல் சேறு. அவ்வளவுதான் விஷயம்.

கப்பலில் குழாயைக் கடல்தரைக்குள் இறக்கி மண்ணை எடுத்ததும், மேல்முனைக்குச் சிவப்பு மூடியும் அடிமுனைக்குக் கறுப்பு மூடியும் போடுவோம். எது மேல், எது கீழ் என்பது தொலைந்தால் எல்லாம் தொலைந்தது. ஒருமுறை நான் ஊருக்குப் போயிருந்தபோது துறைத்தலைவர் ஆய்வகத்துக்கு வெள்ளையடித்தார். பழைய மூடிகள் அழுக்காக இருக்கின்றன என்று எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு முனைக்கும் வெள்ளை மூடி மாட்டச் சொல்லியிருக்கிறார். பிறகு என் குழாயை என்னைக் கேட்காமலே பிளந்து, வாசல் பெட்டியில் தலைகீழாக நிறுத்தி, முடிவும் எழுதிவிட்டார்: அடியில் களிமண், மேலே பருமணல், ஆகவே இது தூர்ந்த வாய்க்கால் அல்ல, அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்த வாய்க்கால். சாவைப் பார்த்துப் பிறப்பென்று எழுதினார்.

என் ஆய்வேடே அந்த வாய்க்கால் தூர்ந்த கதைதான். பாய்ந்துவரும் மணல் தனக்குக் கீழே உள்ள சேற்றைத்தான் அரிக்கும். இந்தக் குழாயில் அரித்த தடம் மணலுக்கு மேலே இருந்தது. காட்டினேன். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. “என்ற லேபுல தலகீழா எதும் நடக்காதுங்க. நானு சொன்னதை எழுதுங்க, கையெழுத்துப் போடறேன். இல்லீன்னா மலைக்கே போயிருங்க.” தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். நான் எழுதவில்லை, அவரும் கையெழுத்துப் போடவில்லை. கஞ்சிக்கோட்டில் ஓர் இரும்பு வார்ப்பு ஆலையில் அச்சு மணலைச் சோதிக்கும் வேலைக்குப் போனேன். வேறொரு வழிகாட்டியைப் பிடித்து, அதே வாய்க்காலில் மற்றவர்கள் எடுத்த மண்ணைக் கெஞ்சி வாங்கி ஆய்வேட்டை முடிப்பதற்குள் என் இளமையில் நல்ல பகுதி போய்விட்டது. அதை அவரால் திருப்பித் தர முடியாது.

இன்று அதே துறைக்கு நான் தலைவி. கண்ணாடிப் பெட்டியின் சாவி என்னிடம் இருக்கிறது. குழாயைத் திருப்பிவைக்கப் பெரிய வேலையொன்றும் இல்லை. திருப்பவில்லை. கடல் மண் பாடம் முடிந்ததும் மாணவர்களை அங்கே அழைத்துப்போய், இதில் என்ன தப்பு என்று மட்டும் கேட்பேன்.

இந்த ஆண்டு விழாவுக்குக் கல்லூரிக்காரர்கள் அவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்கள். தடியூன்றி வந்து பெட்டியின் முன் நின்று, மாணவர்கள் பார்க்கத் தன் பெயர்ப்பலகையைத் தடவிக்கொடுத்தார். அவர் யாரென்று தெரியாத ஒரு மாணவி கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்துவிட்டு, “டீச்சர், இதைத் தலகீழா வெச்சுப்போட்டாங்க. மணலு அரிச்ச தடம் மேல இருக்குதுங்க” என்றாள்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏதாவது சொல்லிக் காப்பாற்றுவேன் என்று நினைத்திருக்கலாம்.

“யாரு வெச்சதுன்னு பலகையில போட்டிருக்கு. சத்தமாப் படிம்மா” என்றேன்.

அவள் கணீரென்று படித்தாள். குழாய் இன்றும் அப்படியேதான் நிற்கிறது.