பூங்காவனம் அண்ணியின் வியாழக்கிழமைகள்

பூங்காவனம் எனக்கு நாத்தனார். என் வீட்டுக்காரர் நல்லையாவுக்குக் கூடப்பிறந்த மூத்தவள். நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். இவர்கள் தகப்பனார் புக்கிட் ரம்பாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டினவர். தாயார் பொன்னம்மா களையெடுப்பு. பொன்னம்மாவின் தங்கை வழி ஆட்கள் செங் என்கிற ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அது வேறு கிளை, அதற்குள் போகவில்லை.

அண்ணியின் புருஷன் மலேரியாவில் போனபோது மகன் தம்பிராஜாவுக்கு ஏழு வயது. அதே காய்ச்சலில் அண்ணியும் கிடந்தாள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டி, ஜெபம் பண்ணி எழுப்பிவிட்டார். எழுந்தவள் மகனோடு ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டாள். சபையில் வேறு பேர் வைத்தார்கள். ஊர் வாயில் அது ஏறவில்லை.

நாற்பத்து மூன்றில் ஜப்பான்காரன் தம்பிராஜாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனான். பத்தொன்பது வயது. சண்டை முடிந்து சிலர் வந்தார்கள், அவன் வரவில்லை. யார் கேட்டாலும் அண்ணி ஒரே பதில்தான் சொல்வாள். செத்தான் என்று ஒரு தாள் வரவில்லை, வருவான். நாங்களும் நம்பினோம். அவன் எங்கே இறங்கித் தேடுவான் என்றுதான் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வர அவளுக்கு மனசில்லை. இவர் கெஞ்சிக் கூத்தாடி காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார்.

ஜாலான் பெண்டஹாரா துணிக்கடைகளுக்கு அண்ணி ரவிக்கை தைத்துக் கொடுத்தாள். வியாழக்கிழமை மத்தியானம் நாலைந்து பெண்கள் வருவார்கள். தையலும் உண்டு, வேதமும் உண்டு. இவள் மெஷினை மிதித்துக்கொண்டே ஒரு வசனம் சொல்வாள், அவர்கள் பித்தான் வைத்துக்கொண்டே திருப்பிச் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் வந்ததும் வசனத்தைக் கேட்கமாட்டாள். அந்த வாரத்தில் யாரோடு சண்டை போட்டாய், சமாதானம் ஆனாயா, பொய் சொன்னாயா என்று கேட்பாள். பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டால், யாரிடம் சொன்னாளோ அவர்களிடமே போய் உண்மையைச் சொல்லிவிட்டு வரவேண்டும். அப்புறம்தான் ஊசி கையில் கிடைக்கும். “பூங்காவனத்துகிட்ட ரவிக்கை தைக்கப் போனா நம்ம தோலையும் பிரிச்சுத் தைச்சுடுவா” என்று கேலி பேசுவார்கள். பேசிவிட்டு வரவும் செய்வார்கள்.

அப்படி வந்தவள்தான் தெய்வானை. எந்தக் காலத்திலோ வந்து குடியேறின செட்டிகளின் கிராமமான செட்டிக் கம்பத்துப் பெண். நெற்றியில் விபூதி இருக்கும், வாயைத் திறந்தால் மலாய்தான். அவள் ஆட்களுக்குத் தமிழ் போய்ப் பல தலைமுறை. முப்பது வயதாகியும் கல்யாணம் கூடவில்லை. தாய் சந்திரமதியோடும் அண்ணன் சேதுராமனோடும் இருந்தாள். அண்ணி அரைகுறை மலாயில் சொன்னதை அவள் பிடித்துக்கொண்டதுபோல, தமிழ் தெரிந்த எங்களில் யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. இரண்டு வருஷத்தில் ஞானஸ்நானம் வேண்டும் என்றாள். அண்ணி அன்றைக்குச் சாப்பிடவே மறந்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் தானே நடத்திக் கொண்டுவந்து தண்ணீரில் நிறுத்தப்போகிற முதல் ஆள் அவள்தான் என்று இவரிடம் நாலு தரம் சொன்னாள்.

செட்டிக் கம்பத்தில் போகி அன்று செத்தவர்களுக்குப் படைப்பார்கள். பர்ச்சு என்று அதற்குப் பேர். யார் யாருக்கு என்ன பிடிக்குமோ அதையெல்லாம் சமைத்து, வாழையிலையில் பரப்பி, சாம்பிராணி போட்டு, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பார்கள். உள்ளே அவர்கள் வந்து சாப்பிடுவதாக எண்ணம். சுதந்திரம் வந்த அந்த ஐம்பத்தேழாம் வருஷப் போகிப் படையலில் சேரக்கூடாது, இலை போடுகிற நாள் முழுக்க வீட்டில் கால் வைக்கக்கூடாது என்று அண்ணி தெய்வானையிடம் சொல்லிவிட்டாள். டிரஸ்ஸர் மனைவி தனக்குச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னாள். அதற்குமேல் அவளுக்குத் தெரியாது. தெய்வானை சொன்னபடியே கேட்டாள். அப்பாவுக்கான இலையைத் தாய் ஒண்டியாகப் போட்டாள். அதற்காக அண்ணன் தெய்வானையை வீட்டை விட்டு அனுப்பினான். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஓர் அறையில் வந்து இருந்தாள்.

ஜூன் மாதம் சந்திரமதி காய்ச்சலில் போய்விட்டாள். மகளுக்குச் சொல்லியனுப்பினபோது உடம்பு சுடுகாட்டுக்குக் கிளம்பியாகிவிட்டது. தெய்வானை கம்பத்து முனையில் நின்று பார்த்துவிட்டு வந்தாள். அழவில்லை. அடுத்த ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் என்று போதகர் நாள் குறித்தார். அண்ணி வெள்ளைத் துணி வாங்கி வெட்டினாள்.

மறு போகிக்கு முதல் நாள், மத்தியானம் நாங்கள் சாப்பிட்டு முடித்த நேரம், தெய்வானை வந்தாள். செத்துப்போன அம்மாவுக்கு இது முதல் இலை. அம்மாவுக்குத் திருக்கை மீனைப் புளி போட்டு வைப்பது ஒரு பக்குவம், அது அண்ணன் பெண்டாட்டிக்குத் தெரியாது. போய்ச் சமைத்து வைத்துவிட்டு வந்துவிடுகிறேன், கும்பிடமாட்டேன் என்று கெஞ்சினாள். அண்ணி மெஷினை நிறுத்தாமலே, போனால் ஈஸ்டருக்கு உன்னைத் தண்ணீருக்குக் கூட்டிப்போகமாட்டேன் என்றாள்.

தெய்வானை தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனாள். குடித்துவிட்டு, மேசையில் கவிழ்த்திருந்த மூங்கில் மூடியைத் தூக்கினாள். அடியில் ஒரு தட்டில் சோறு, குழம்பு, ஒரு முட்டை. வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான், மூன்று பேரும் சாப்பிட்டாகிவிட்டது என்று அவளுக்குத் தெரியும். தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து அண்ணி முன்னால் நின்றாள். மலாயில்தான் பேசினார்கள். எனக்கு வருகிற மாதிரி சொல்கிறேன்.

“இது யாருக்கு, அக்கா?”

“என் மவனுக்கு. தெனமும் வைப்பேன். சாயங்காலம் கோழிக்குப் போட்டுருவேன்.”

“பதினஞ்சு வருசமா வைக்கிறீங்க. எங்கம்மாவுக்கு நான் ஒரு நாள்தானே கேக்குறேன்.”

அண்ணி மிதிப்பதை நிறுத்தினாள். என் மகன் உயிரோடு இருக்கிறான், உன் தாய் செத்தவள், அதுவும் இதுவும் ஒன்றில்லை என்று சொல்லியிருக்கலாம். அதைத்தான் சொல்வாள் என்று நானும் நினைத்தேன். சொல்லியிருந்தால் தெய்வானை தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போயிருப்பாள், ஈஸ்டருக்கும் வந்திருப்பாள்.

“அவன் செத்துட்டான், தெய்வானை.”

நாற்பத்தாறில் மாணிக்கவாசகம் என்று ஒருவர் சயாமிலிருந்து திரும்பி எங்களைப் பார்த்துவிட்டுப் போனது ஞாபகம் இருக்கிறது. சேதி ஒன்றும் இல்லை என்று அண்ணிதான் எங்களிடம் சொன்னாள். அவர் வாந்திபேதியில் செத்த தம்பிராஜாவைத் தன் கையாலேயே புதைத்தவர் என்று இப்போதுதான் சொல்கிறாள். பன்னிரண்டு வருஷம் அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டுதான் இவள் வியாழக்கிழமை தோறும், பொய் சொன்னாயா என்று அந்தப் பெண்களைக் கேட்டிருக்கிறாள்.

“நீ போய் உங்கம்மாவுக்குச் சமைச்சு வை. நான் தடுக்கமாட்டேன். ஆனா திரும்பி வந்துரு.”

தெய்வானை தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். இருட்டுமுன் போக வேண்டும், புளி கரைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

சேதுராமன் அவளைத் திரும்ப வீட்டில் சேர்த்துக்கொண்டான். அறையைக் காலி பண்ண வந்தவள் எங்கள் வாசலில் நிற்கவில்லை. யாராவது கட்டாயப்படுத்தினார்களோ, அவளாகவே இருந்துவிட்டாளோ, தெரியாது. பொய் சொன்னவளிடம் கேட்ட வேதம் வேண்டாம் என்று தெய்வானை சொன்னதாக ஒருத்தி வந்து சொன்னாள். அண்ணி அதை மறுக்கவில்லை. அன்றோடு வியாழக்கிழமைக் கூட்டத்தையும் நிறுத்திவிட்டாள். போதகர் வந்து, ஒரு ஆத்துமா போனதற்காக மற்ற நாலையும் விடலாமா என்று கேட்டுப் பார்த்தார்.

“அவ என்கிட்ட கேட்டது ஒரு நாள் அடுப்புதான், ஐயா. அதுக்கு நான் ஞானஸ்நானத்தை விலையா வச்சேன். நான் எதைச் சொல்லிக்குடுக்க?”

ஈஸ்டருக்குத் தெய்வானை தண்ணீரில் இறங்கவில்லை. அடுத்த ஞாயிறு தம்பிராஜாவுக்காக ஆராதனையில் நினைவு ஜெபம் வைத்தார்கள். இவர் அன்றைக்குத்தான் மருமகனுக்காக அழுதார். அண்ணி கதவுப் பக்கமாகவே முகத்தை வைத்திருந்தாள். உள்ளே வந்தவர்களெல்லாம் எங்கள் சபை ஆட்கள்தான், கம்பத்திலிருந்து யாரும் இல்லை. புத்தகத்தில் எழுத வேண்டும், இறந்த தேதி என்ன அம்மா என்று போதகர் கேட்டார். அண்ணிக்குத் தெரியவில்லை. புதைக்கும்போது நல்ல மழை என்று அந்த மாணிக்கவாசகம் சொன்னார், வேறொன்றும் நான் கேட்கவில்லை ஐயா என்றாள்.