முப்பத்தொன்பதிலேயே நின்ற லேப்டாப்

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்கு ஓஎஸ் போடுவது என்றால் அடுப்பில் பால் வைத்த மாதிரி. பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். நீலத் திரையில் எழுத்து ஓடும், ஒரு கோடு மெல்ல மெல்ல நிறையும், ஓரத்தில் இன்னும் இத்தனை நிமிடம் என்று காட்டும். அந்த நிமிடத்தை நம்பி யாரும் பஸ் பிடிக்க முடியாது. ஆனாலும் அந்தக் காத்திருப்பில் மனிதர்கள் எவ்வளவு பேசினார்கள்! எனக்குத் தொழிலைவிட அந்தப் பேச்சுதான் ருசி.

சிவாஜிநகரில் துணிக்கடைகளுக்கு மேலே, மாடியில் என் கடை. ஒயரிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், பழுதான கம்ப்யூட்டர்களைத் திறந்து மூடித் திறந்து மூடியே கற்றுக்கொண்டேன். சர்டிஃபிகேட் எதுவும் கிடையாது. பக்கத்து அறையில் ஒரு தையல்கார பாய். கையில் வேலை இல்லாதபோது என் கடைக்கு வந்து, சினிமா பார்ப்பதுபோல அந்தக் கோட்டைப் பார்ப்பார்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை ஒரு டீச்சரம்மா லேப்டாப்போடு படியேறி வந்தார். கண்டோன்மெண்ட் பக்கத்தில் சர்ச் ஸ்கூலில் வேலை. மகள் சென்னையில் ஹாஸ்டலில் தங்கிக் கம்ப்யூட்டர் படிக்கிறாள், லீவுக்கு வந்திருக்கிறாள், சாயங்காலம் நாலரைக்கு ரயில். லேப்டாப் மாமா துபாயில் வாங்கி, தான் உபயோகித்துவிட்டுக் கொடுத்தது. உள்ளே முழுக்க வைரஸ்.

"காலேஜ் லேப்ல இவ முறை வர்றதுக்குள்ள பூட்டிடறாங்களாம் தம்பி. மத்த பிள்ளைங்ககிட்ட கடன் கேட்டு கேட்டு கூசிப்போயிருக்கா. இத எடுத்துட்டுப் போனாத்தான் ஆச்சு. விட்டா கிறிஸ்மஸ்தான்."

"எல்லாம் அழிச்சிட்டு புதுசா போட்டுடலாம்க்கா. ஒன்றரை மணிநேரம்" என்றேன் மிடுக்காக.

சிடியைப் போட்டேன். ஆரம்பம் ஜோராகப் போனது. பிறகு நடை தளர்ந்தது. கடைசியில் 'முப்பத்தொன்பது நிமிடம்' என்று காட்டியது. அரைமணி கழித்தும் முப்பத்தொன்பது.

மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஹார்டு டிஸ்க்கைச் சோதித்தேன், நல்லாயிருந்தது. சூடாகிறதோ என்று டேபிள் ஃபேனை நேராகத் திருப்பினேன். மறுபடியும் அதே முப்பத்தொன்பது.

"நீ இப்படி மொறச்சிப் பாத்தா அது எப்படிப்பா நடக்கும்? கூச்சப்பட்டு நிக்குது" என்றார் அக்கா. இந்த மாதிரிப் பேச்சையெல்லாம் நான் மனசில் முடிந்துவைத்துக்கொள்வேன். அன்று சிரிப்பு வரவில்லை. மணி ஒன்றரை.

கடைசியில் அனுபவசாலி முகத்தோடு தீர்ப்புச் சொன்னேன். "சிடி டிரைவ் போச்சுக்கா. மாத்தணும். இந்த மாடலுக்கு வர்றதுக்கு ஒரு வாரம் ஆகும்."

கீழே டெலிபோன் பூத்துக்குப் போய் மகளிடம் பேசிவிட்டு வந்தார். "பரவால்லம்மான்னு சொல்றா. அவ பரவால்லன்னா அழுவறான்னு அர்த்தம்" என்று சொல்லி ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

டிரைவ் இன்னும் 'கர்ர்... கர்ர்...' என்று இழுத்துக்கொண்டிருந்தது. பாய் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"அரே, மிஷின் நல்லாத்தான் ஓடுது தம்பி. சிக்கல் நூல்ல இருக்கு. நூல மாத்திப் பாக்காம மிஷின எதுக்கு திட்றே?"

"டிரைவ் சத்தமே சரியில்ல பாய்."

"நாப்பது வருசமா சத்தம் கேக்கறேன். நூல எடு நீ."

அவர் வாயை அடைக்கத்தான் சிடியை வெளியே எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தேன். பளபளப்பான பக்கத்தில், வெளி ஓரம் முழுக்க மங்கலாக ஒரு வளையம். நகத்தால் சுரண்டினேன். மஞ்சளாக வந்தது. மோந்து பார்த்தேன். சந்தனம்.

முதல் நாள் பூஜையில் ஸ்க்ரூடிரைவர், மல்டிமீட்டர், கேபினெட், கீபோர்டு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். தினமும் சோறு போடுகிற இந்த சிடியை விடலாமா? மேல்பக்கம் மார்க்கரில் எழுதியிருந்தது, அழிந்துவிடக் கூடாதே என்று திருப்பி, பளபளப்பான பக்கத்தில் பக்தியோடு ஓரமாக ஒரு பொட்டு. காலையில் சட்டையில் வட்டமாகத் துடைத்து, சுத்தமாகிவிட்டது என்று நினைத்தேன். துடைக்கவில்லை, பூசியிருக்கிறேன். சிடி உள்ளிருந்து வெளியே படிக்கும். அதனால்தான் ஆரம்பத்தில் ஓடி, ஓரத்துக்கு வந்ததும் தடுமாறியிருக்கிறது.

பேசாமல் துடைத்துப் போட்டுவிட்டு, 'எப்படியோ சரியாயிடுச்சு' என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அது வெளியே வரவில்லை.

"அக்கா, டிரைவ் நல்லாத்தான் இருக்கு. தப்பு என்னுது" என்று சிடியை நீட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்பா, எங்க வீட்ல நாங்களே பொட்டு வைக்கறதில்ல. நீ எங்க மெஷினுக்குள்ள வச்சி அனுப்பிட்டியா?"

பாய் சிரித்த சிரிப்பில் அவர் சாய்ந்திருந்த டேபிள் ஆடியது. அக்காவும் சிரித்தார். உடனே கோபமும் வந்தது. "அவள வேற அழவச்சிட்டேன். வெட்டியா, சும்னே சும்னே! இன்னும் எவ்ளோ நேரம்?"

சோப்புத் தண்ணீரில் கழுவி, பாய் கொடுத்த மெல்லிய மல் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்நேராக ஒற்றினேன். மணி இரண்டு. முதலிலிருந்து ஆரம்பம். அக்கா மறுபடி பூத்துக்கு ஓடினார், பெட்டியோடு நேராக ஸ்டேஷனுக்கு வந்துவிடச் சொல்ல. முப்பத்தொன்பது வந்ததும் மூவரும் மூச்சுவிடவில்லை. முப்பத்தெட்டு. "மாஷா அல்லாஹ்!" என்றார் பாய். "ஸ்தோத்திரம்" என்றார் அக்கா. நான் வாயைத் திறக்கவில்லை. என் பக்தி அன்றைக்குப் போதும்.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சிடி வேலை முடிந்தது. கடைசித் தடவை அணைந்து எழ வேண்டியதுதான் பாக்கி. பாட்டரி எப்படியும் அரைமணி தாங்கும். பாய் கீழே ஓடி ஆட்டோ பிடித்தார். லேப்டாப்பைத் திறந்தபடியே மடியில் வைத்துக்கொண்டு அக்காவோடு நானும் ஏறினேன்.

"அண்ணா, ஸ்வல்ப நிதானக்கே ஹோகி" என்று மெதுவாகப் போகச் சொல்லி நான் கன்னடத்தில் டிரைவரிடம் கெஞ்ச, "பேக ஹோகப்பா!" என்று வேகமாகப் போகச் சொல்லி அக்கா அதட்டினார்.

கண்டோன்மெண்ட் பிளாட்பாரத்தில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள் அந்தப் பெண். கண் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. எல்லாம் முடிந்ததும் திரையில் வரும் பச்சைப் புல்வெளிப் படம் இன்னும் வரவில்லை. அதற்குப் பதில் ஒரு கேள்வி நின்றது. இதை யார் யார் உபயோகிக்கப் போகிறீர்கள், பெயரை அடியுங்கள் என்று. வழக்கமாக நானே ஏதாவது அடித்து முடித்துவிடுவேன். அன்று அவள் மடியில் வைத்துவிட்டு நகர்ந்து நின்றேன்.

முதல் கட்டத்தில் தன் பெயரை அடித்தாள். கொஞ்சம் யோசித்து, இரண்டாவது கட்டத்தில் அம்மா பெயரை அடித்தாள்.

"எம்பேரு எதுக்குடி? நானா தொடப்போறேன்?"

"கிறிஸ்மஸுக்கு எடுத்துட்டு வருவேன்ல. கத்துக்கோ."

வண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது. அக்கா பெட்டியைத் தூக்கவில்லை. குனிந்து, திரையில் தன் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தார்.