சுவர் கழுவ ஒரு விண்ணப்பம்

மின்கம்பி செல்லும் சுவரில் ஏணி சாய்க்குமுன், அந்தக் கம்பியில் மின்சாரம் நிறுத்தப்பட்டதை எழுத்துமூலம் உறுதி செய்துகொள்ள வேண்டும். நான் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டிய அரசுத் துறையின் பராமரிப்புக் கையேட்டில் இருந்த விதி இது. விதி எண்ணும் பத்தி எண்ணும்கூட நினைவிருக்கின்றன. உங்கள் நன்மையை உத்தேசித்துச் சொல்லாமல் விடுகிறேன்.

இன்று காலை, பெருங்களத்தூரில் எங்கள் எதிர் அடுக்ககத்தின் வெளிச்சுவரைக் கழுவ ஆட்கள் வந்தார்கள். இடுப்பில் பட்டை, தலையில் ஹெல்மெட், கையில் தண்ணீர் பீய்ச்சும் மெஷின். காபி டம்ளரோடு பால்கனிக்கு ஓடினேன். ஓடினேன் என்றால், முழங்கால் அனுமதித்த அளவுக்கு. சிலருக்குக் கிரிக்கெட், சிலருக்குக் கச்சேரி. யாராவது சுவர் கழுவினால் எனக்கு இருப்புக் கொள்ளாது. மெஷின்காரர் குழாய் முனையைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தார். "தள்ளிப் பிடிங்க தம்பி! மேல்பூச்சு பேந்துடும்!" என்று கத்தினேன். அவருக்குக் கேட்கவில்லை. ஜி.எஸ்.டி. ரோடு வரைக்கும் கேட்டிருக்கும் என்று என் மனைவி ஜெயசீலி உள்ளேயிருந்து சொன்னாள்.

அதற்குள் வாசனை வந்துவிட்டது. நனைந்த சிமென்ட் பூச்சின் வாசனை, கூடவே கொஞ்சம் பாசி, கொஞ்சம் பிளீச்சிங் பவுடர். மழைக்கால மண்வாசனையைப் புகழ ஊரில் ஆள் இருக்கிறது. நனைந்த சுவரைப் புகழ நான் ஒருவன்தான். ஒரு மூச்சு இழுத்தேன். பல வருடம் பின்னால் போய், எங்கள் பழைய தாம்பரம் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றேன்.

எங்கள் துறைக்குச் சொந்தமான, கீழ்த்தளமும் ஒரு மாடியுமான கட்டடம் அது. நடுவில் ஒரு சுவர், இரு பக்கமும் ஆளுக்கொரு படிக்கட்டு, மொத்தம் நான்கு வீடுகள். எங்கள் படிக்கட்டில் கீழே நாங்கள், மேலே எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட் ராஜரத்தினம். அடுத்த படிக்கட்டில் கீழ்வீட்டில் ஸ்டெல்லா டீச்சர். மேல்வீடு யாருக்கும் ஒதுக்கப்படாமல், அதில் ஒரு ஃபைல்தான் குடியிருந்தது. ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகை மழைக்கும் முன்சுவர் இன்னும் கொஞ்சம் கறுக்கும். நாங்கள் குடிபோனபோதே அது கரும்பச்சை. ராஜரத்தினம் பதினோரு வருடமாக அங்கே இருந்தும் அதன் அசல் நிறத்தைப் பார்த்தது கிடையாது.

ஒரு வருடம், எங்கள் சபையார் கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்டு எங்கள் வீட்டில் தொடங்குவதாக முடிவாயிற்று. சாயங்காலம் ஆறு மணிக்கு நாற்பது பேர் வாசலில் நின்று பாடுவார்கள். அதன் முக்கியத்துவம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: முதல் வீட்டில்தான் எல்லாருக்கும் குரல் இருக்கும், ஆகவே எல்லாரும் வருவார்கள். ஜெயசீலி சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இந்தச் சுவத்து முன்னாடி நின்னு யாராவது சமாதானம், சந்தோஷம்னு பாட முடியுமாங்க? துஷ்டி வீடு மாதிரி இருக்கு."

கழுவலாம்தான். ஆனால் கம்பி இருந்தது. தெருக் கம்பத்திலிருந்து வந்த சர்வீஸ் ஒயர், எங்கள் முன்சுவரில் மாடி ஜன்னல் உயரத்தில் ஓர் இரும்புக் கொம்பில் வந்து உட்காரும். அங்கிருந்து பிரிந்து, குழாய்களுக்குள் இரண்டு படிக்கட்டுகளின் மீட்டர்களுக்கும் இறங்கும். கொம்பருகே வெயிலில் அதன் மேலுறை வெடித்து, உள்ளே அலுமினியம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. எனவே விதிப்படி ஒருநாள் மின்நிறுத்தம் கோரி, துறையின் வழியாக மின்சார அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதினேன். மூன்று பிரதிகள், வரைபடம் ஒன்று. குவார்ட்டர்ஸ் பராமரிப்புத் தபால்களைக் கவனிக்கும் எழுத்தர் யார் என்றால், நான்தான். என் விண்ணப்பம் ஆபீஸ் முழுக்கச் சுற்றி என் மேஜைக்கே வந்தது. தன் மனுவைத் தானே பரிசீலிக்கக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு. மகிழ்ச்சியோடு அதை மேற்கோள் காட்டி, பக்கத்துப் பிரிவுக்கு மாற்றினேன். அங்கிருந்தவர் நீண்ட விடுப்பில் இருந்தார்.

டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை, பதில் வராத நிலையில், சுவர் கழுவ நாங்கள் சொல்லிவைத்திருந்த தேவராஜ் வந்துவிட்டார். கீழ்க்கட்டளையிலிருந்து சைக்கிளில், கேரியரில் பிரஷ்களும் கயிறும் கட்டிக்கொண்டு வருவார். என் வயதுதான். சுவரை அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா சார் இது, எரும படுத்துகினு கீற மாதிரி கீது. ஒரு கேன் ஆசிட்டு வாங்கியாரேன். பத்தே நிமிசம்."

"ஆசிட் கூடாது. சிமென்ட் பூச்சைத் தின்னுடும்."

"கம்பி பிரசு?"

"அதுவும் கூடாது. கீறல் விழும், அடுத்த மழைக்கு அதுலயே பாசி புடிக்கும்."

"அப்போ நாக்கால நக்கிட்டுப் போவவா சார்?"

ராஜரத்தினம் மாடி ஜன்னலில் சிரித்தார். நான் அசரவில்லை. முதலில் இருவரும் விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனோம். பூச்சு விட்டுப்போன இடத்தில் சத்தம் பொள்ளலாகக் கேட்கும், அங்கே தண்ணீர் கூடாது. ஜெயசீலி ஜன்னல்களைச் சாத்தினாள், துளசியும் குரோட்டன்ஸும் இருந்த தொட்டிகளை நகர்த்தினாள், சம்ப் மூடிமேல் சாக்கைப் போட்டாள். பிளீச்சிங் பவுடரை நான் வாளியில் கரைத்தேன். தேவராஜ் கையுறைக்குப் பதில் இரண்டு பிளாஸ்டிக் பைகளைக் கட்டிக்கொண்டார். படிக்கட்டோரம், யார் கண்ணிலும் படாத மூலையில், உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் தடவி, கால் மணி நேரம் காத்திருந்தோம். வருடங்கள் கழித்து என் பையன் ரிசல்ட் பார்க்கக்கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை.

தேவராஜ் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினார். மஞ்சள்!

எலுமிச்சம்பழ மஞ்சள்! நாங்கள் இருவரும் வாயைத் திறந்தபடி நின்றோம். "ராஜரத்தினம்! இறங்கி வாய்யா! நம்ம வீடு மஞ்சள்!" என்று நான் கத்த, அவர் பனியனோடு ஓடிவந்தார். அந்த உள்ளங்கை அளவு இடத்தைத் தொட்டுப் பார்த்தார். "பதினோரு வருஷம் சார். சொல்லவே இல்லையே இது," என்று சுவரைக் குற்றம் சொன்னார். ஜெயசீலி அதன் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்தே விட்டாள்.

அப்புறம் எங்களைப் பிடிக்க முடியவில்லை. கீழேயிருந்து மேலே நனை, மேலேயிருந்து கீழே அலசு. அப்போதுதான் அழுக்குத் தண்ணீர் காய்ந்த சுவரில் கோடு போடாது. டைப்பிஸ்ட் தேய்த்தார், நான் தேய்த்தேன், ஜெயசீலி தோட்டத்து ஹோஸைப் பிடித்தாள். கரும்பச்சைக் குழம்பு வாசலில் ஓட ஓட, மஞ்சள் எங்கள் தோள் உயரத்துக்கு ஏறிவிட்டது. அதற்கு மேல் ஏணி வேண்டும்.

"பதில் வரல. ஏணி கூடாது," என்றேன்.

"உங்க லெட்டருக்குப் பதில் வர்றதுக்குள்ள இயேசுவே ரெண்டாவது தடவை வந்துடுவாரு சார்," என்றார் ராஜரத்தினம். படிக்கட்டுக்கு அடியில் போய், எங்கள் மீட்டர் பலகையிலிருந்து இரண்டு வீட்டு ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கி வந்தார். வேறு யாரும் தெரியாமல் மாட்டிவிடக் கூடாதே என்று கொடியில் காய்ந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, கட்டைகளைப் பையில் போட்டுத் தட்டிக் காட்டினார். எங்கள் பக்கமெல்லாம் அதுதான் வழக்கம். "கரண்ட்டு என் பாக்கெட்ல இருக்கு. ஏறு தேவராஜ்."

இந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்பதை எழுதத்தான் இவ்வளவு சுற்றினேன். தலையாட்டினேன். விதியைத் தெரிந்தவன், வரைபடம் வரைந்தவன், அந்த மஞ்சளைப் பார்த்த குஷியில், சரி என்று தலையாட்டினேன்.

தேவராஜ் மூங்கில் ஏணியில் ஏழு படி ஏறியிருப்பார். கால் ஈரம், ஏணி ஈரம், கையில் ஓடுகிற ஹோஸ். கொம்பு அவர் தலைக்குப் பக்கத்தில். அப்போது அடுத்த வீட்டிலிருந்து சத்தம் வந்தது. மிக்ஸி.

ஒரு நொடி அதை வெறும் மிக்ஸியாகத்தான் கேட்டேன். அடுத்த நொடிதான் புரிந்தது. அந்த மிக்ஸிக்கு வேண்டிய மின்சாரம் தேவராஜின் காதோரமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"ஜெயா, பைப்பை மூடு! தேவராஜ், கையை எங்கயும் நீட்டாதீங்க. ஹோஸைக் கீழ போடுங்க. அப்படியே எறங்குங்க!"

ராஜரத்தினம் சட்டைப் பையைத் தட்டினார். "கரண்ட்டுதான் இங்க இருக்கே சார்."

"அப்போ ஸ்டெல்லா டீச்சர் வீட்ல மிக்ஸி எதுல ஓடுது?"

அவர் கை பையிலேயே நின்றுவிட்டது. தேவராஜ் ஒவ்வொரு படியாக இறங்கினார். ஏழு படிதான், எனக்கு எழுபது. தரையில் கால் வைத்ததும் ஏணியை விட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்தார்.

"ஒயரு என் காதாண்டதான் சார் இருந்துச்சு. தோ, கொம்பைப் புடிச்சிகினு ஒரு படி ஏறலாம்னு கையத் தூக்குனேன்." அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மிக்ஸி ஜாரோடு ஸ்டெல்லா டீச்சர் வெளியே வந்தார். "என்ன எல்லாரும் என் வீட்டையே பாக்குறீங்க? இஞ்சிப் பூண்டுதானே அரைச்சேன்?"

"அவங்க கட்டையையும் புடுங்கிடலாமா சார்?" என்று ராஜரத்தினம் மெதுவாகக் கேட்டார். ஊரில் உள்ள எல்லாக் கட்டையையும் பிடுங்கினாலும், கம்பத்திலிருந்து மீட்டர் வரைக்கும் வருகிற கம்பி உயிரோடுதான் இருக்கும் என்று நான் சொன்னேன். வீட்டுக்குள் போவதைத்தான் நாம் நிறுத்துகிறோம். வாசலில் வந்து நிற்பதை அல்ல. இதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு அன்று இல்லை. தேவராஜிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீதான சார் எறங்கச் சொன்ன," என்றார் அவர். ஏறச் சொன்னவனும் நான்தான் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

ஜெயசீலி எல்லாருக்கும் டீ போட்டுத் தந்து, "போதும், இப்படியே இருக்கட்டும்," என்றாள். ஆனால் டீ குடித்து முடித்த தேவராஜ், உடைந்த செங்கல்லால் தரையில் ஒரு கோடு போட்டார். "இந்தக் கோட்டுக்கு அந்தாண்ட நான் ஏணிய எடுத்துனு வரமாட்டேன். இந்தாண்ட ஒரு பொட்டு அழுக்க வுடமாட்டேன்." ஏணியைக் கம்பியை விட்டு விலகிய சுவர்க் கோடிக்குக் கொண்டுபோய், அடியில் ராஜரத்தினத்தைப் பிடிக்கச் சொன்னார். ஹோஸ் கிடையாது, சொம்பும் பிரஷும் மட்டும். அன்று மாலை வெயிலில், கொம்பைச் சுற்றி ஓர் ஆள் நீளத்துக்குக் கறுப்பு வட்டத்தை விட்டுவிட்டு, மற்றதெல்லாம் தகதகவென்று நின்றது. தெருவில் போன சைக்கிள்கள் நின்றன. ராஜரத்தினம் வருவோர் போவோரிடமெல்லாம் "மஞ்சள்தான், அசல் மஞ்சள்," என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

கேரலுக்கு அறுபது பேர் வந்தார்கள். முதல் பாட்டு முடிந்ததும் கொயர் மாஸ்டர் அண்ணாந்து பார்த்து, "அங்க மட்டும் ஏன் கறுப்பா விட்டுட்டீங்க?" என்று கேட்டார்.

"அது எங்க வீட்டுக்காரரோட மனு. பெண்டிங்ல இருக்கு," என்றாள் ஜெயசீலி. இரண்டாம் பாட்டைத் தொடங்க வெகுநேரம் ஆயிற்று.

அதன் பிறகு மழைவிட்ட ஒவ்வொரு டிசம்பரிலும் தேவராஜ் வந்தார். தானாகவே கோடு போட்டார். வட்டத்தை விட்டுவிட்டுக் கழுவினார். இன்று அந்தக் குவார்ட்டர்ஸ் இல்லை. கம்பிகள் பூமிக்கு அடியில் போய்விட்டன. சட்டைப் பையில் வைத்துக்கொள்ள ஃபியூஸ் கட்டை இல்லை. இப்போதெல்லாம் சுவிட்ச் மாதிரி ஒரு தட்டு தட்டினால் போதும். ராஜரத்தினம் மகளோடு வெளிநாட்டில். தேவராஜ் பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, வயதாகி, தன் வீட்டுக் கட்டிலில், ஏணிக்கும் கம்பிக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு சாதாரணக் காய்ச்சலில் போனார். அவர் சாவில் எனக்குப் பங்கில்லை என்று நினைத்து, அவர் வீட்டு வாசலில் துக்கம் விசாரிக்க நின்றபோது கடவுளுக்கு நன்றி சொன்னேன். தப்புதான்.

விண்ணப்பத்துக்குப் பதிலும் வந்தது. கட்டடத்தை இடித்து, இடம் காலி மனையான பிறகு. "மேற்படி சுவரில் பணி மேற்கொள்ள ஒருநாள் மின்நிறுத்தம் வழங்குவதில் ஆட்சேபணை இல்லை. அதுவரை ஏணி சாய்த்தல் கூடாது." ஒரு பிழையும் இல்லாத கடிதம். அதை நானே வாங்கி, தபால் பதிவேட்டில் வரிசை எண் போட்டு, முத்திரைக்கு மை ஒற்றித் தேதி குத்தினேன்: நான் பணி ஓய்வு பெற்ற நாள், மே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, பிற்பகல்.