படிப்பை நிறுத்தச் சொன்னது யார்?

போன வாரம் எங்கள் காரைக்கால் கல்லூரியில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி. செயற்கை நுண்ணறிவு, டேட்டா மைனிங்... வணிகவியல் நடத்தும் எனக்கு அதில் என்ன வேலை? யாரும் சொல்லவில்லை. வரச் சொன்னார்கள், போனேன்.

"உங்க கிளாஸ் அட்டெண்டன்ஸ், மார்க் எல்லாம் போடுங்க மேடம். யாரு படிப்பை நிறுத்துவாங்கன்னு சாஃப்ட்வேரே சொல்லிடும்" என்றார் வெளியூர்ப் பயிற்சியாளர். போட்டேன். ஒரே ஒரு பெயர் வந்தது — கலைவாணி, கிளிஞ்சல்மேடு மீனவர் குப்பம்.

கெட்டிக்காரப் பெண். லீவு கொஞ்சம் அதிகம்தான், ஆனால் நிறுத்துவாளா? பதறிப்போய் அவள் அப்பாவுக்கு போன் போட்டேன். "பார்த்துக்கங்க, கம்ப்யூட்டர் இப்படிச் சொல்லுது" என்றேன். "சரிங்க டீச்சர்" என்றார் பவ்யமாக.

மறுநாள் கலைவாணி அழுதுகொண்டே வந்தாள். "என்ன மேடம் சொன்னீங்க? எனக்குப் படிப்பு இல்லேன்னு கம்ப்யூட்டரே சொல்லிடுச்சாம். அப்பா ஒரு மாப்பிள்ளை வீட்டுல பேசிட்டாங்க."

அடக்கடவுளே! அவள் அக்காவுக்கு ஜாதகம் பார்த்தது கடைத்தெரு கம்ப்யூட்டரில்தானாம். அது சொன்ன மாதிரியே கல்யாணமும் முடிந்ததாம்.

சரி, லீவு ஏன்? "போட்டுல மீன் நிறைய வந்தா ஏலத்துல அம்மாவுக்கு ஒத்தாசைக்கு ஆள் வேணும் மேடம்." இதை சாஃப்ட்வேர் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

பயிற்சியாளரிடம் ஓடினேன். "இது நிகழ்தகவு மேடம், ஜோசியம் இல்ல" என்றார். அவர் விளக்க விளக்க எனக்குக் குழப்பம்தான் கூடியது. நாளைக்கே அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டால், சாஃப்ட்வேர் சரியாகச் சொன்னது என்பார்களோ? அப்படியானால் படிப்பை நிறுத்தியது யார் — அதுவா, நானா? ஒன்றும் புரியவில்லை. பயம் மட்டும் நன்றாகப் புரிந்தது.

சாயந்திரம் கிளிஞ்சல்மேட்டுக்கே போய்விட்டேன். அப்பா வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். "கம்ப்யூட்டர் சொன்னது தப்புங்க" என்றேன்.

"அது எப்படிங்க தப்பா சொல்லும்? நீங்க ஏதாச்சும் மாத்திப் போட்டிருப்பீங்க டீச்சர்."

வாதாட வாயைத் திறந்தேன். வாசலில் கலைவாணி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமாங்க, நான்தான் மாத்திப் போட்டுட்டேன்."

"அதானே பாத்தேன்" என்று சிரித்தார். மாப்பிள்ளை வீட்டுக்கு வேண்டாமென்று சேதி சொல்ல அப்போதே ஆள் போனது.

கலைவாணி இப்போது முதல் பெஞ்சில். கிளிஞ்சல்மேட்டில்தான் என் மானம் போய்விட்டது — பாவம், அந்த டீச்சருக்குக் கம்ப்யூட்டர் தெரியாதாம்!