மூன்று தடவை விழுந்தவள்

என் மகள் மூன்று தடவை செத்துப் பிழைத்தவள். பிறவியிலேயே காது கேட்காது. ஏழு வயதுக்குள் மூன்று தடவை, நின்ற இடத்திலேயே சரிந்தாள். உதடு நீலம் பாய்ந்துவிடும், மூச்சிருக்காது. நான் மாரிலடித்துக்கொண்டு அலறும்போதே கண்ணைத் திறந்து, ஏன் அழுகிறாய் என்பதுபோலப் பார்ப்பாள். எங்கோ போய்விட்டு வந்தவளின் பார்வை அது. பெற்ற பிள்ளையைப் பார்த்தே எனக்குப் பயம் வந்தது.

"காத்துக் கருப்பு அடிச்சிருக்குது அம்மணி, மந்திரிச்சுப்போட்டு வந்துரலாம்" என்றார் மாமியார். காரமடைப் பக்கம் ஒரு பூசாரியிடம் கயிறு கட்டினோம். எனக்கு நம்பிக்கையும் இல்லை, அவிழ்க்கத் துணிச்சலும் இல்லை.

காதுக்குக் கருவி வைக்கும் ஆபரேஷனுக்காகக் கோயமுத்தூர் போனபோது ஈசிஜி எடுத்தார்கள். அதில் சந்தேகப்பட்டு மரபணுச் சோதனையும் செய்தார்கள். முடிவு வந்த அன்று இதய டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். ஒவ்வொரு துடிப்புக்கும் இதயச் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேற ஒரு வாசல் உண்டு. அந்த வாசலோடு ஒட்டி நின்று, அது எப்படித் திறக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்வது ஒரு சின்னத் துணைப் புரதம். இவளுக்கு அது பழுது. உள்காதுக்கும் அதே புரதம்தான் வேண்டுமாம்.

"சொந்தத்துல கட்டுனீங்களா?"

"ஆமாங்க, மாமன் பையனைத்தானுங்க."

"இந்தப் பழுது உங்க ரெண்டு பேருகிட்டயும் பாதிப் பாதி இருந்திருக்குது, இவளுக்கு முழுசா வந்துருச்சு. திடீர்னு பயந்தா இதயம் தடுமாறிப்போகும். விழறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?"

மூன்று தடவையையும் நினைத்துப் பார்த்தேன். காது கேட்காத பிள்ளையை வேறெப்படிக் கூப்பிடுவது? பின்னால் போய்த் தோளில் வெடுக்கென்று தட்டுவேன். எனக்குப் பொறுமை கிடையாது. பள்ளிக்கு நேரமாச்சு என்று ஒரு தட்டு, சாப்பிட வா என்று ஒரு தட்டு. ஆயிரம் தடவை தட்டியிருப்பேன். அவள் சரிந்த மூன்று தடவையும் அதற்குச் சற்று முன்னால் அவள் தோளில் விழுந்தது என் கைதான். பூசாரி தேடிய பேய் நான்தான். "ஒண்ணும் ஞாபகமில்லீங்க" என்றேன்.

மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நான் தட்டித்தான் அவள் விழுந்தாள் என்பதைக் கணவரிடமும் நான் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் மகள் வாசலில் குனிந்து எறும்பு பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து வந்த அவர், ஆசையாய் அவள் பின்னால் போய்த் தோளில் தட்டக் கையைத் தூக்கினார்.

"ஏனுங்க, தொடாதீங்க!"

தெருவே திரும்பிப் பார்த்தது. அவர் கை அப்படியே நின்றது. மகள் மட்டும் திடுக்கிடாமல் எறும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காது கேட்காததற்காக வாழ்க்கையில் முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டேன்.